பால் அளக்கும் கருவியில் கசிந்த கரண்ட்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான்; எதற்கும் பயப்படுவேன். ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் ஊர் பால் சொசைட்டி. ஒரு மழைநாளில் பாலோடு வரிசையில் முதல் ஆளாக நின்றேன். என் பாலை ஊற்றி, கெட்டியை அளக்கும் கருவியைப் பார்த்த செயலாளர் எல்லோரும் கேட்கக் கத்தினார்: "இன்னாம்மா, பாலா இது, தண்ணியா? இனிமே உன் பால் வேணாம்."

அன்று கருவியைச் சோதிக்க வந்த மெக்கானிக் அதைத் திறந்தார். "பால் வழியா வர்ற வெளிச்சத்த சென்சார் துளியூண்டு கரண்டா மாத்துதுங்க. உள்ள பிசுக்கும் ஈரமும் இருக்கு. அது வழியா வேற கரண்ட் கசிஞ்சு சேந்துக்குது. தண்ணிப் பால்லதான் வெளிச்சம் அதிகமா ஊடுருவும்; அதனால இதையும் தண்ணிப் பால்னு மெஷின் காட்டுது."

துடைத்துக் காயவைத்து மறுபடி அளந்தார். என் பால் கெட்டிப் பால்தான்.

செயலாளர் என் காதருகே, "மெஷின் தப்பும்மா, வுடு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திட்னப்ப ஊரே கேட்டுச்சு. இதையும் அப்டியே சொல்லுங்க."

சொன்னார். ஆனாலும் கோபம் இன்றுவரை ஆறவில்லை. வழக்கம்போலப் பயந்து நின்றிருந்தால், ஊருக்கு நான் தண்ணீர் கலந்தவளாகவே இருந்திருப்பேன்.