அரை டம்ளர் காப்பி

என் அத்தையைப் போல ஒரு கஞ்சத்தை எங்கள் எரியோடு ஊரே கண்டதில்லை என்றுதான் எட்டு வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டுக்கு நான்காவது வீடு. எப்போது போனாலும் காப்பி உண்டு. ஆனால் அரை டம்ளர்தான். "நெறைய ஊத்துங்க அத்தை" என்றால், "குடிச்சிட்டு இன்னொருக்கா வாங்கிக்கடி" என்பாள். ஒரேயடியாக ஊற்றினால் குடியா முழுகிவிடும்?

அறுபதுகளின் தொடக்கம் அது. ஒன்றிரண்டு வருடத்துக்குள் அத்தையின் முகமே மாறிப்போயிருந்தது. கண்கள் இரண்டும் முன்னால் பிதுங்கி, எந்நேரமும் எதையோ கண்டு திடுக்கிட்டவளைப் போல இருப்பாள். உடம்பு இளைத்துவிட்டது. மார்கழிக் குளிரிலும் வியர்த்துக் கொட்டும். மதுரையில் ஒரு டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, அங்கே இருக்கும் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று மாத்திரை கொடுத்தார். வெயிலில் கண் கூசி நீர் வடிந்ததால் கறுப்புக் கண்ணாடியும் போடச் சொன்னார்.

எங்கள் ஊரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கத்தரிக்காய் பறித்த முதல் ஆள் என் அத்தைதான். திண்டுக்கல் பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்லாப் பாத்துக்கப்பு, எறங்க இன்னும் நேரங் கெடக்கு" என்பாள். பார்த்தவர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பெருமை தாங்காது.

அந்த வருடம்தான் எனக்குத் தம்பி பிறந்தான். பதினாறாம் நாள் தொட்டிலில் போட வேண்டும். எங்கள் வழக்கப்படி பிள்ளையை மடியில் வாங்கி, காதில் மூன்று தரம் பேர் சொல்லித் தொட்டிலில் கிடத்தும் உரிமை அப்பாவோடு கூடப் பிறந்தவளுக்கு. என்னையும் அத்தைதான் கிடத்தினாள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சேவுகம்பட்டியிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்: "அந்த முழிக்கண்ணு பச்சப்பிள்ள மேல பட்டா என்னத்துக்காகும்? ஒண்ணுவிட்ட நாத்தனா ஒருத்தி இருக்காள்ல, அவ போடட்டும்." அம்மா பிள்ளைப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா, "அக்கா மனசு நோகுமே..." என்று ஆரம்பித்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரே ஓட்டமாக அத்தை வீட்டுக்கு ஓடினேன். அவள் கொல்லையில் ஒரு பெரிய சுரைக்காயைப் பழஞ்சேலையில் சுற்றிக் கையில் ஏந்தியிருந்தாள். மெல்லக் குனிந்து கூடைக்குள் வைத்தாள். திரும்ப எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"என்ன அத்தை, சொரக்காய்க்குத் தாலாட்டா?"

"எடை பாக்குறேன்டி. வந்த சோலியச் சொல்லு."

மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அத்தை முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சொன்னாளா? சரி. நாளைக்கு வாரேன்னு சொல்லு" என்றாள். மறுபடி சுரைக்காயைத் தூக்கினாள். இவ்வளவு பெரிய அநியாயம் நடக்கிறது, இவள் சுரைக்காயைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பச்சைச் சேலையும் கறுப்புக் கண்ணாடியுமாக, கையில் வெள்ளி அரைஞாணோடு அத்தை வந்தாள். உள்ளே ஒன்றுவிட்ட அத்தை பாயில் உட்கார்ந்தாயிற்று. பெரியம்மா வாசற்படியை மறித்து நின்றாள். "வாங்க மதினி. செத்த நேரம் அப்பிடிக் காத்தாட ஒக்காருங்க. பிள்ள தூங்குது."

அவள் தலைக்கு மேலே திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் புது ஓடு வேய்ந்தபோது மாட்டியது. சுண்ணாம்பும் கரியும் குழைத்து அதற்கு முகம் எழுதியது நான்தான். கண்ணைப் பெரிதாக, பிதுங்கினாற்போல எழுதினால்தான் திருஷ்டி அண்டாது என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர் அப்பா.

நான் கத்தினேன். "ஏம் பெரியம்மா, கண்ணு முழிச்சிக்கிட்டு இருந்தாத் திருட்டி அண்டாதுன்னுதான இத மாட்டியிருக்கோம்? அப்ப எங்க அத்தை தூக்குனாத்தான தம்பிக்கு நல்லது?"

அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முதலில் சிரித்தது அத்தைதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூசணிக்காயை அண்ணாந்து பார்த்தாள். "அடிப்பாவி, மூக்கையாச்சும் ஒழுங்கா எழுதியிருக்கலாம்ல?" என்றாள். வாசலே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் பெரியம்மாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "மதினி, இது கழுத்து நோவுல வந்த கண்ணு. யாரையும் ஒண்ணும் செய்யாது. எந் தம்பி பிள்ளைய நாந்தான் கெடத்துவேன். வழி விடுங்க."

"உள்ள வாக்கா" என்றார் அப்பா. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. பெரியம்மா ஒதுங்கிக்கொண்டாள்.

பாயில் உட்கார்ந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டாள். "இங்க வாடி. ஒங் கைய எங் கைக்கு அடியில குடு. நல்லாத் தாங்கிப் பிடி." இரண்டு பேருமாகத்தான் தம்பியைத் தொட்டிலில் கிடத்தினோம். மூன்று தரம் பேர் சொன்னாள். அவன் அவளையே பார்த்துவிட்டு ஒரு கொட்டாவி விட்டான். பெரியம்மா மட்டும் மனசு ஆறாமல் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போட்டாள். வாய் நீளம் என்று எனக்கும் சேர்த்து.

வாதாடி ஜெயித்துக் கொடுத்ததற்காகத்தான் அத்தை எனக்கு அதில் பங்கு கொடுத்தாள் என்று வெகுகாலம் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

நாற்பது வயதில் அதே நோய் எனக்கும் வந்தது. கண் பிதுங்கும் முன்பே கைதான் நடுங்க ஆரம்பித்தது. வந்தவருக்குக் காப்பி நீட்டினேன். டம்ளர் தடதடவென்று ஆடி, பாதிக் காப்பி தரையில். அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: அரை டம்ளர், சுரைக்காய், அவள் கைக்கு அடியில் என் கை. நான் சேதி கொண்டு ஓடுவதற்கு முன்பே அவள் ஒத்திகையைத் தொடங்கியிருந்தாள். பிள்ளையைத் தான்தான் கிடத்தப் போகிறோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்திருக்கவில்லை. நழுவவிடாமல் கிடத்த வேண்டுமே என்பதுதான் அவள் கவலை.

அடுத்த தடவை அளவாக ஊற்றினேன். "என்னம்மா, அரை டம்ளர்தானா?" என்றார் வந்தவர்.

"குடிச்சிட்டு இன்னொருக்கா வாங்கிக்கங்க" என்றேன்.