திருஷ்டிக்கு மாட்டிய ஓவியம்

தோழி கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது என்னையும் அல்ல, என் இடுப்பில் இருந்த குழந்தையையும் அல்ல. வாசல் கதவுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த ஓவியத்தைத்தான் பார்த்தாள். அது அவள் வரைந்தது. எங்கள் குழந்தை பிறந்தபோது பரிசாக அனுப்பியது. இப்போது அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தின் மேல் குங்குமப் பொட்டு. கீழ்ச் சட்டத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கம்பி. பழத்தின் சாறு வழிந்து, ஐப்பசி மழை அடித்து, அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்து, அவள் போட்ட செம்மண் நிறம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவள், வழியில் எங்கள் நிலக்கரிச் சுரங்க ஊரில் இறங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்து, "எந்த பிளாக்குடி?" என்று கேட்டிருந்தாள். போனை வைத்ததும் நாற்காலியைப் போட்டு ஏறினேன். கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவிடலாம் என்றுதான். என் மாமியார் தடுத்துவிட்டார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா திருஷ்டிய கழட்டுவியா? எறங்கு மொதல்ல."

இறங்கிவிட்டேன். அவர் சொன்னதற்காகவா, எனக்கே பயமாக இருந்ததாலா என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகு நிறைய யோசித்துவிட்டேன்.

நான் வேதியியல் முதுகலை படித்தவள். முதல் பிறந்த நாள் முடிந்த மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கண்கள் மேலே செருகிக்கொண்டன. டாக்டர், இந்த வயதில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். நானும் புரிந்துகொண்டேன். ஆனாலும் அன்றிலிருந்து தெர்மாமீட்டர் என் கையை விட்டு இறங்கவில்லை. குழந்தை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பேன். அடுத்த நொடியே, சரியாகப் பார்த்தேனா என்று மறுபடியும் வைப்பேன்.

மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. "அத்தினி பேரு பாத்தாங்க இல்ல, கண்ணுதான்" என்றார். திருவதிகைக் கோயிலுக்குப் போய் வரும்போது பண்ருட்டியில் ஒரு பூத முகம் வாங்கிவந்தார். நாக்கு நீண்டு, கண்கள் பிதுங்கி இருக்கும். அதை மாட்டிய நாள் முதல், வாசலைத் தாண்டும்போதெல்லாம் குழந்தை வீறிட்டது. வீறிட்டு அழுதால் சூடு ஏறும். சூடு ஏறினால்?

அந்தச் சமயத்தில் தோழியின் ஓவியம் கூடத்தில் இருந்தது. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். "இது என்னங்க?" என்பார்கள். என் கணவர், "மைன்ஸ்ல வெட்டுன கட்டிங் மாதிரி இல்ல?" என்பார். மாமியாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இதப் பாத்துகினு சோறு துன்ன முடியல. வேணாம்னாலும் கண்ணு அங்கயே போயிகினு இருக்குது" என்று திட்டினார். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. ஆமாம், எனக்குத்தான் தோன்றியது. வருகிறவர்களின் கண் முதலில் அதில் போய் நிற்கிறது. என்ன என்று கேட்டு, பதில் கிடைக்காமல், கொஞ்சம் குழம்பி, அதன் பிறகுதான் குழந்தையின் பக்கம் திரும்புகிறார்கள். பூத முகத்தை எடுத்துவிட்டு இதை மாட்டலாமே என்று நானே சொன்னேன். மஞ்சளும் குங்குமமும் மாமியார் வைத்தவை. ஆணி நான் அடித்தது.

இதை எல்லாம் ஒருத்தியிடம் வாசலில் நிற்கவைத்து எப்படிச் சொல்வது?

தோழி பையைக் கீழே வைக்காமலே பார்த்துக்கொண்டு நின்றாள். விடுதியில் நாங்கள் ஒரே அறை. அப்போது அவள் முகங்கள் மட்டுமே வரைவாள். அச்சு அசலாக இருக்கும். ஆனால் வரைந்து கொடுத்ததும் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "என் மூக்கு இப்படியா இருக்கு?" ஒரு நாள் வெறுத்துப்போய், "இவங்க படத்தைப் பாக்கலடி, அவங்கவங்களைப் பாக்குறாங்க" என்றாள். அடுத்த படத்தில் மூக்கு இல்லை. அதற்கடுத்ததில் கண்ணும் வாயும் போயின. கடைசியில் நிறம் மட்டும் மிஞ்சியது. பைத்தியம் என்றார்கள் விடுதியில். கேமரா வந்த பிறகு, உருவத்தை அப்படியே பிடிக்கும் வேலை இனி நமக்கு எதற்கு என்று வெளிநாட்டில் சிலர் நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள் என்றும், பாட்டு எதையும் படம் பிடிக்காமலே மனதை அசைக்கிறதே, ஓவியம் ஏன் அப்படி இருக்கக் கூடாது என்று சிலர் நினைத்தார்கள் என்றும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் எதையும் படித்துவிட்டுச் செய்யவில்லை. மூக்கில் ஆரம்பித்துச் செய்தாள்.

"யாரு இதுல பொட்டு வெச்சது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா" என்று மாமியார் பெருமையோடு முன்னால் வந்தார். "வெள்ளிக்கு வெள்ளி வெச்சிகினு இருக்கேன். நல்லா வேலை செய்யிதும்மா உன் படம். மாட்டுன நாளா புள்ளைக்கு ஒண்ணும் வரல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது தோழி நாற்காலியில் ஏறி, படத்துக்கு மிக அருகில் முகத்தை வைத்து, சாறு வழிந்த கோட்டை விரலால் தொடாமல் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

"சாரிடி" என்றேன். "நான் தொடச்சி..."

"தொட்டே, கொன்னுடுவேன்" என்றாள். "இதை எனக்குத் திருப்பிக் குடு. இப்படியே வேணும்."

சென்னையில் அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்களாம். மாதக்கணக்காக எதைப் போட்டாலும் செத்துக் கிடக்கிறது, ஒன்றையும் வைக்கப் பிடிக்கவில்லை என்றாள். "இதை மட்டும் வெச்சாப் போதும்டி எனக்கு."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். இப்படிக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவே இல்லை. அதைவிட, அதற்கு என் வாயிலிருந்து வந்த பதில்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"குடுக்க முடியாது" என்றேன்.

"நீ இதை நம்புறியா?"

"இல்ல."

"அப்ப குடு."

"முடியாதுடி."

குழந்தையை இறுக்கி அணைத்திருந்தேன் போலிருக்கிறது. அது நெளிந்தது. பீரியாடிக் டேபிளை மனப்பாடமாகச் சொல்கிற நான், ஒரு ஓவியம் வாசலிலிருந்து இறங்கினால் என் மகளுக்கு வலிப்பு வந்துவிடும் என்று நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

மாமியாருக்கோ வேறு கவலை. "அத எடுத்துக்கினு போவக் கூடாது கண்ணு. எறக்குனா முச்சந்தியில போட்டுக் கொளுத்தணும். இத்தினி நாளு ஊரு கண்ணெல்லாம் வாங்கிகினு இருந்தது. எல்லாம் அதுலதான இருக்குது? அத வூட்டுல கொண்டு போயி வெச்சா நீ வெளங்குவியா?"

"அந்தக் கண்ணையெல்லாம்தாம்மா நான் கேக்குறேன்" என்றாள் தோழி.

மாமியார் என்னைப் பார்த்தார். "நல்லாத்தான இருந்துச்சி இந்தப் பொண்ணு?" என்று கேட்கிற பார்வை.

கடைசியில் ஒரு வழி சொன்னவரும் மாமியார்தான். புதிதாக ஒன்று தயாராகி, அது ஆணியில் ஏறிய பிறகு பழையது இறங்கலாம். வாசல் ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. எனக்கு உயிர் வந்தது. தோழி பையில் எப்போதும் வண்ணப் பெட்டி இருக்கும். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளைவுட் பலகையை இழுத்துவந்து அவள் முன் வைத்தேன்.

அவள் அதை என் பக்கம் தள்ளினாள். "நீ போடு."

"விளையாடாதடி. எனக்கு ஒரு வாத்துகூட வராது."

"வாத்து கேக்கலையே. உன் பொண்ணுக்காக நான் பயப்படல. நீதான் பயப்படுற. நீ போட்டாதான் அது நிக்கும்."

தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். குழந்தையை மாமியார் வாங்கிக்கொண்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து விமரிசனமும் ஆரம்பித்தார். கறுப்பில் ஒரு வட்டம் போட்டேன்.

"தோசை" என்றார்.

பக்கத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

"தோசை திருப்பி."

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். "பேர் வந்துட்டா அழிச்சுடு" என்றாள். அழித்தேன். மஞ்சளை மேலே வைத்தேன்; சூரியன் ஆகிவிட்டது. கீழே இறக்கினேன், முட்டை. இரண்டு கோடு சந்தித்தால் வீடு, மூன்று சந்தித்தால் மரம். ஒன்றும் இல்லாத ஒன்றைப் போடுவது இவ்வளவு கடினம் என்று யார் நினைத்தார்கள்? என் கைக்குத் தெரிந்ததெல்லாம் பெயருள்ள பொருள்களாகவே இருந்தன. எரிச்சலில் பிரஷை வைத்துவிட்டு, பழைய பனியன் துணியை எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகத் தேய்த்தேன். சாம்பலும் ஊதாவுமாக ஒன்று எழுந்தது. அதில் எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. ஆனால் ஓரத்தில் ஒரு இடம் தளர்ந்திருந்தது. அங்கே அழுத்தினேன். உடனே எதிர்ப்பக்கம் கனம் குறைந்தது. அங்கே சிவப்பு வேண்டும் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சரியா தவறா என்று யோசிக்காமல் கை போனது. கல்யாணமாகி வந்த பிறகு, ஏன், அதற்கு முன்பும்கூட, நான் ஒன்றையும் அப்படிச் செய்ததில்லை.

"அடியே! காது செவுடா உனக்கு?"

மாமியாரின் குரல். நிமிர்ந்தேன். குழந்தை அவர் தோளில் சிவந்து, மூக்கு ஒழுகி, விக்கிக்கொண்டிருந்தது.

"எம்மாம் நேரமா கத்திகினு இருக்குது புள்ள! கூப்புட்டுகினே இருக்கேன்!"

பக்கத்து அறையில் குழந்தை புரண்டால் எழுந்து உட்காருகிறவள் நான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அழுதிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. வண்ணம் பட்ட கையோடு வாங்கி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. பசிதான். பால் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன். பயந்தேன் என்பது உண்மை. ஆனால் பால் குடிக்கும் குழந்தையின் தலைக்கு மேலாக என் கண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் இப்படி நினைக்கலாமா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

தோழி மணியைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரம் ஆகியிருந்தது.

மாமியார் பலகையின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். தோசை என்றோ முட்டை என்றோ சொல்லவில்லை. "ம்" என்றார். "நல்லாத்தான் மெரட்டுது. என்னா ஒண்ணு, எங்க பாக்குதுன்னே தெரியல." குனிந்து பிரஷை எடுத்து வெள்ளையில் தோய்த்தார். "நடுவுல ரெண்டே ரெண்டு கண்ணு வெச்சிட்டா முடிஞ்சிடும்."

பிரஷ் பலகைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தபோது அவர் மணிக்கட்டு என் கையில் இருந்தது. எப்போது எழுந்தேன், எப்படிப் பிடித்தேன் என்று தெரியவில்லை. இடது கையில் குழந்தை. இந்த வீட்டில் அவரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை நான். சாம்பாருக்கு உப்பு போதுமா என்றுகூட அவரைக் கேட்டுத்தான் போடுவேன்.

"வேணாம் அத்தை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கண்ணு வேணாம். இது இப்படியே இருக்கட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கையை விடவில்லை.

"சரி வுடு, கை வலிக்குது" என்றார் மாமியார் கடைசியில். பிரஷை டப்பாவில் போட்டார். முகம் இறுகித்தான் இருந்தது. "சுத்தியல எடுத்துகினு வா. பக்கத்துல ஒரு ஆணி அடிச்சி இத மாட்டு. அப்பறம் அத எறக்கிக் குடு, அந்தப் பொண்ணு பஸ்ஸுக்குப் போவட்டும்."

நாற்காலியில் நானே ஏறினேன்.