பேச்சியக்காவின் ரஜாய்

செய்தி வந்தபோது நான் பங்களாவின் துணி அறையில் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். பேச்சியக்காவின் மகள் போனில், "சித்தி, அம்மா எந்திரிக்கல" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் போன இடம் அலமாரியின் மேல்தட்டு. அக்காவின் ரஜாய்ப் போர்வை அங்கேதான் இருந்தது, கிழிசலோடு, மூன்று வாரமாக.

ஏலத்தோட்டத்திலும் பிறகு இந்த விருந்தினர் பங்களாவிலும் அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. சலவை அறையில் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அக்கா குரல் உயர்த்தியதில்லை என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். நான் சேர்ந்த முதல் மாதம், வெள்ளை விரிப்பு ஒன்றை இஸ்திரிப் பெட்டியால் கருக்கிவிட்டேன். "கண்ண எங்க வச்சிருந்த?" என்று கத்தினார். கத்திவிட்டு, மானேஜர் வருவதற்குள் விரிப்பை வெட்டி நான்கு உறைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தார். "முழுசா இருந்தாத்தான் துணியா?" என்றார். நான் அழுதுகொண்டே தைத்தேன்.

ரஜாயும் பங்களாவில் கழித்ததுதான். பழைய சாமான்களை விற்றபோது அக்கா அதை வாங்கினார். ஊர் பேர் தெரியாத விருந்தாளிகள் வருடக்கணக்காகப் போர்த்தியதைப் போர்த்துவதா என்று நான் முகம் சுளித்தேன். "இத்தன வருசமா தொவச்சது நாந்தான? எனக்குத் தெரியாத அழுக்கா அதுல?" என்றார்.

இந்த மழைக்கு முன்னால் அது நடுவில் கிழிந்து பஞ்சு தள்ளியது. தன் பழைய பச்சைச் சேலையையும் சேர்த்துக் கொண்டுவந்து, "இதுல ஒரு துண்ட வச்சுத் தச்சிரு புள்ள" என்றார். சிவப்புப் பூப்போட்ட ரஜாயில் பச்சை ஒட்டா? என் தையல் கைக்கு அது அவமானமாகப்பட்டது. மேல்துணி முழுவதையும் மாற்றிப் பழையபடி ஆக்கிவிடலாமா, இல்லை இனி தேறாது என்று சொல்லிவிடலாமா என்று தினமும் ஒரு முடிவு எடுத்தேன். கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கம்பம் டவுனுக்கு இறங்கி, அதே பூத்துணி கிடைக்குமா என்று கடை கடையாக அலைந்தேன். கிடைக்கவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அக்கா வேலை முடிந்து போகும்போதெல்லாம் துணி அறையை எட்டிப் பார்ப்பார். கடைசியாக, "நான் அழகு பாக்கவா கேக்கேன்? குளுருது புள்ள" என்றார். "பொறுங்கக்கா, செஞ்சா ஒழுங்கா செய்யணும்" என்றேன். பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

டாக்டர் மாரடைப்பு என்றார். குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். ஆனால் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அக்கா இரண்டு ஸ்வெட்டர் போட்டபடி கிடந்ததை நான் பார்த்தேன்.

இறந்தவர் படுத்த பாயும் போர்த்திய துணியும் அவரோடு சுடுகாட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அக்காவின் தம்பி என்னிடம் வந்து, "அந்த ரஜாய் ஒங்ககிட்ட இருக்காமே. அதுவும் அக்கா கூடப் போகட்டும்மா" என்றார். பஞ்சு தொங்க அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பங்களாவுக்கு ஓடி, சேலையையும் ஊசி நூலையும் சேர்த்து எடுத்துவந்தேன். அக்கா வீட்டு வாசலில் சாரலடிக்க உட்கார்ந்து, பச்சைச் சேலையில் ஒரு துண்டு கிழித்து வைத்துத் தைத்தேன். அவசரத்தில் தையல் கோணிப்போனது. முற்றத்தில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கட்டி முடிக்கும் முன்பே நான் நூலை அறுத்துவிட்டேன். அவ்வளவுதான் வேலை.

மீதிச் சேலையை யாரும் கேட்கவில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். இப்போதெல்லாம் யார் எதைக் கிழித்துக் கொண்டுவந்தாலும், அந்தச் சேலையில் ஒரு துண்டு வெட்டி, நிறம் பார்க்காமல், அவர்கள் நிற்கும்போதே தைத்துக் கொடுத்துவிடுகிறேன். காக்க வைத்தது அவரை மட்டும்தான்.