நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு, ஆஸ்டின் டவுன் வழியாக

ஊரிலுள்ள எல்லோரையும் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு, தான் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் டிராவல் ஏஜென்சி வேலை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஓனர், நான், ஒரு பிரிண்டர். மூவரில் பிரிண்டர்தான் அடிக்கடி லீவு போடும். வருகிறவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள். பிள்ளையைப் பார்த்தால் போதாது, நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் வரைக்குமாவது போய்வர வேண்டும். அதைப் பிள்ளையிடமே கேட்கக் கூச்சம். "அவனே லீவு கிடைக்காமத் தவிக்கிறான், நாம வேற எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டு, அங்கே ஓடுகிற பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இங்கேயே ரூபாயில் டிக்கெட் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டால்தான் அவர்களுக்கு நிம்மதி.

எதில் போவது என்று எடுத்துச் சொல்ல வேண்டியது நான். பஸ் மலிவு, நாலைந்து மணி நேரம் ஆகும். ரயிலுக்குக் கூடக் கொடுக்க வேண்டும், ஆனால் சீக்கிரம் போய்விடும். விமானம் ஒரு மணி நேரம்தான் பறக்கும். அதற்காக ஏர்போர்ட் போய், பெல்ட்டைக் கழற்றி மாட்டி, இறங்கி ஊருக்குள் வருவதற்குள் ரயிலில் போனவர் காபி குடித்து முடித்திருப்பார். இதையெல்லாம் நான் தடங்கலே இல்லாமல் சொல்வேன். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. நான் போன அதிகத் தூரம் வேளாங்கண்ணி. எனக்குத் தெரிந்த அமெரிக்கா முழுவதும், யாரோ கேமராவைப் பிடித்துக்கொண்டே நடந்துபோகிற வீடியோக்களில் பார்த்தது. கவரிங் தோடு போட்டுக்கொண்டு வைரத்தோடு விற்கிற சகோதரிகளே, வாடகை வீட்டிலிருந்து கிளம்பி வந்து ஃபிளாட் விற்கிற தம்பிகளே, என் கஷ்டம் உங்களுக்காவது புரியும்.

ஓனரின் சட்டம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நீங்க எதுல போனீங்க?" என்றார். "நான் போனதில்ல சார்" என்றேன். அவர் முகத்தில் அதுவரை இருந்த மரியாதை அப்படியே வடிந்துவிட்டது. யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் படியிறங்கினார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

ஓனர் சத்தம் போடுகிறவர் இல்லை. அவரும் துபாயைத் தாண்டியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "போனேன்னு பொய் சொல்லச் சொல்லலம்மா. போகலன்னு எதுக்குச் சொல்லணும்னுதான் கேக்கறேன்."

லோயர் பெர்த்

அதிலிருந்து அந்தக் கேள்வி வந்தால் எனக்கு இருமல் வரும். இல்லாவிட்டால் டிராயரில் எதையாவது தேடுவேன். விதான சௌதாவில், அதாவது தலைமைச் செயலகத்தில், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், மல்லேஸ்வரத்திலிருந்து மனைவியோடு வந்தார். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். மகன் நியூயார்க் பக்கம். ரயில்தான் கௌரவம் என்று முடிவு செய்துகொண்டே வந்திருந்தார். எடுத்த எடுப்பில், "சீனியர் சிட்டிசன் கோட்டாவிலே ரெண்டு லோயர் பெர்த் போட்டுடுங்கோ" என்றார். மூன்றரை மணி நேரப் பயணம், உட்காருகிற சீட்தான் என்று சொல்லிப் புரியவைத்தேன். அந்த அம்மாள் சித்ரான்னம் எடுத்துப் போகலாமா என்று கேட்டார். தாராளமாகப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று, தினமும் அந்த ரயிலில் சித்ரான்னம் சாப்பிடுகிறவள் போலச் சொன்னேன்.

டிக்கெட் பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டேவிட்டார், நீங்கள் ரயிலில் போனீர்களா, பஸ்ஸிலா என்று. எனக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தேன். மேசைக்கடியில், வார் அறுந்து சேஃப்டி பின் குத்திய செருப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன். அவருடைய மனைவிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "ஏன்னா, அவாளைப் போய் இதெல்லாம் கேட்டுண்டு! அவா இந்தத் தொழில்லயே இருக்கறவா, ஃபிளைட்லதான் போயிருப்பா!"

ராங் சைடு

அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். மகளைப் பார்க்கப் போகிறார். பஸ்ஸும் வேண்டாம் ரயிலும் வேண்டாம், வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அங்கே ஸ்டீரிங் இடது பக்கம், வண்டி போவது வலது பக்கம் என்று சொன்னேன். ரோடு எப்படி இருக்கும் என்றார். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் நாலு மணி நேரத்துக்கு நீண்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் என்றேன். எனக்குத் தெரிந்த நல்ல ரோடு அது ஒன்றுதான். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. விற்றுவிட்டோம் என்று நான் சந்தோஷப்பட்ட அதே நிமிஷம், இந்த மனிதர் ஓட்டுகிற வண்டியில் இன்னொருத்தரும் உட்கார வேண்டுமே என்று உறுத்தியது.

அந்த இன்னொருத்தர், அவர் மனைவி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மணிபர்சைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார்: "ஓசூர் ரோட்டுல ராங் சைடுல வந்து வந்து பாதி பெங்களூர்கிட்ட திட்டு வாங்கினவரு இவரு. அந்த ஊர்ல எல்லாருமே ராங் சைடு. இவருக்கு சரியாத்தான் வரும், எனக்கு மட்டும் பஸ் போட்டுடு தாயி."

எந்த பிளாட்ஃபாரம்?

ஒருநாள் மாலை வேலை முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் கால். விதான சௌதாக்காரர், நியூயார்க் ரயில் நிலையத்திலிருந்து. அங்கே அப்போது காலை. "ஒரு மணி நேரமா போர்டையே பார்த்துண்டிருக்கேன். எல்லாம் போட்டிருக்கான், பிளாட்ஃபாரம் நம்பர் மட்டும் போடலை. நீங்க போன ஊர்தானே, சொல்லுங்கோ" என்றார். நல்லவேளை, இந்தப் பாடம் வீடியோவில் வந்திருந்தது. கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் நம்பர் வரும், வந்ததும் எல்லோரும் ஓடுவார்கள், நீங்களும் ஓடுங்கள், எஸ்கலேட்டரில் கீழே இறங்குங்கள் என்று கத்தினேன். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை, இன்னும் கத்தினேன். பஸ்ஸில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டில் இருந்த ஒரு பெண் எழுந்து எனக்கு இடம்கூடக் கொடுத்தாள். அமெரிக்காவை ஆட்டிவைக்கிறவள் என்று நினைத்திருப்பாள். உட்காரவே வெட்கமாக இருந்தது.

கண்டக்டர் மட்டும் அசரவில்லை. பெண்களுக்கு இலவச டிக்கெட், ஆனால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அவர் எனக்காகக் கையை நீட்டியபடி வெகுநேரமாக நிற்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழில், 'காட்டுங்கள்' என்பதை மட்டும் கன்னடத்தில் விட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நியூயார்க் அப்புறம் போகலாம் மேடம், மொதல்ல ஆதார் தோர்ஸி!"

ராணியம்மாவின் கேள்வி

ஸ்ரீராம்புரத்திலிருந்து ராணியம்மாவும் அவர் கணவர் தேவராஜும் வந்தது ஒரு தீபாவளி முடிந்த வாரம். ராணியம்மா மாநகராட்சியில் தெருக்கூட்டி ஓய்வுபெற்றவர். தேவராஜ் இன்னமும் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் படித்து, வேலை கிடைத்து, வாஷிங்டனில் இருக்கிறாள். ஜனவரியில் பிரசவம். அந்தச் சமயத்தில் நியூயார்க் வரைக்கும் விமான டிக்கெட் மலிவாக இருந்தது. அங்கிருந்து வாஷிங்டனுக்கு இவர்களாகவே போய்ச் சேர வேண்டும்; நிறைமாதத்தில் மகளை விட்டுவிட்டு மருமகன் வர முடியாது. இரண்டு பேரும் அதுவரை விமானத்தைக் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

ரயில் என்றேன். ராணியம்மாவுக்கு எஸ்கலேட்டர் என்றால் நடுக்கம். அப்படியானால் பஸ்தான் என்றேன். படியேற வேண்டாம், ரோட்டோரமே வந்து நிற்கும், ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸிக்காரர் அங்கேயே இறக்கிவிடுவார். அந்த இடத்தை வீடியோவில் பார்த்திருக்கிறேன். அரைக்கைச் சட்டை போட்டவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "நல்ல காத்தோட்டமான இடம்மா" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் புதுப் பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் கவரோடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ எதுல போனம்மா?" என்று கேட்டார்.

இருமல் தொண்டை வரை வந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துக்கொண்டு இரும முடியவில்லை. "பஸ்லதாம்மா போனேன். ஒரு பயமும் இல்ல" என்றேன். ஓனர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். ராணியம்மாவின் முகம் தெளிந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே நான் போய்வந்த மாதிரிதான் இருந்தது. அவர் கணவரின் தோளைத் தட்டினார். "கேட்டியா? ஒண்டி பொம்பள, போயி வந்துக்குது. நாம ரெண்டு பேரு இருக்கோம், நமக்கு இன்னா?"

காத்தோட்டமான இடம்

ஆறு மாதம் கழித்து ராணியம்மா படியேறி வந்தார், கையில் சாக்லேட் பாக்கெட்டோடு. பேத்தியின் போட்டோக்களைக் காட்டினார். பிறகு, யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். டாக்ஸிக்காரர் அந்த ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஒரு கொட்டகைகூடக் கிடையாது. பஸ் ரொம்ப லேட். பனி கொட்டுகிறது, காற்று அடிக்கிறது. இவர் புடவை, ஒரு ஸ்வெட்டர், சாக்ஸுக்கு மேல் செருப்பு. பஸ் இதோ வரும் என்று நினைத்து அந்த இடத்தைவிட்டு நகரப் பயந்து, அங்கேயே நின்றிருக்கிறார்கள். வரிசையில் நின்ற ஒரு பெண் இவர் கை நடுங்குவதைப் பார்த்து, தன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். வாஷிங்டன் போய்ச் சேர்ந்ததும் காய்ச்சல். மறுநாள் குழந்தை பிறந்துவிட்டது. ஒரு வாரம் பேத்தியைக் கையில் வாங்க விடவில்லை, கதவுக்கு வெளியே நின்றே பார்த்திருக்கிறார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த வீடியோ கோடைக்காலத்தில் எடுத்தது. ஐஸ்கிரீமைப் பார்த்தவளுக்கு மாதத்தைப் பார்க்கத் தெரியவில்லை. போகாதவள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த அம்மாள் இன்னும் நாலு பேரிடம் கேட்டிருப்பார். குளிரில் நின்ற யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பையிலிருந்து அந்தக் கம்பளிக் கையுறைகளை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீ மறுக்காப் போவே இல்ல, வச்சிக்கோ. அங்க நிக்கச் சொல்லோ உன்னத்தாம்மா நெனச்சிக்கினேன். எனக்காச்சும் இவரு இருந்தாரு, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சிக்கினு நின்னோம். நீ ஒண்டியா எப்பிடிம்மா நின்ன?"

"கொஞ்சம் குளிராத்தாம்மா இருந்துச்சு" என்று நான் சொன்னதை நம்பி அவர் விட்டுப்போன கையுறைகள் இன்னும் என் டிராயரில்தான் கிடக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குப் போய்வந்தவை அவை இரண்டும் மட்டும்தான்.