கடித்ததும் தப்பு, ஓடியதும் தப்பு

நாய் கடித்த இடத்தில் அப்பிய மிளகாய்த்தூளின் நெடியும், அதன் மேல் ஊற்றிய நல்லெண்ணெயின் வாசனையும் சேர்ந்து அண்ணனூரில் எங்கள் வீட்டு முன்னறையை நிறைத்திருந்தன. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்ல, அக்கா சித்ரா கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்தாள். அப்போது அவள் ஏழாவது படித்தாள், நான் நான்காவது. டியூஷன் முடிந்து வந்தவளைத் தெருமுனை மாடி வீட்டு நாய் ஜானி, திறந்து கிடந்த கேட்டைத் தாண்டி வந்து துரத்திப் பிடித்திருந்தது.

அந்தக் கேட் எப்போதும் திறந்துதான் கிடக்கும். மாடி வீட்டுக்காரர் ஏதோ அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாயைக் கட்டிப்போடச் சொல்லி அம்மா பல தடவை கேட்டிருக்கிறாள். "அது ஒண்ணும் பண்ணாது" என்பதைத் தவிர வேறு பதிலை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அக்காவுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட ஆரம்பித்த அன்றைக்கு அம்மா அவர் வாசலில் போய் நின்று கத்தினாள். உடனே வந்துவிட்டார் "தலைவர்". தெருச் சங்கத்தின் தலைவர்; எந்தச் சண்டையையும் சரிபாதியாக வெட்டிக் கொடுப்பதில் பெயரெடுத்தவர். அந்த மனிதரை எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரவழைத்து நடுத்தெருவில் எதிரெதிரே போட்டு, ஒன்றில் சூப்பிரண்டெண்டையும் மற்றதில் என் அப்பாவையும் உட்காரவைத்தார். கடி வாங்கியவளுக்கு நாற்காலி இல்லை.

"நாயைக் கட்டாம விட்டது சார் தப்பு. அதைப் பாத்ததும் ஓடுனது பாப்பா தப்பு. ஓடுனா எந்த நாயும் துரத்தும். அம்மா வாசல்ல நின்னு கத்துனதும் தப்பு. ரெண்டு பக்கமும் சாரி சொல்லிட்டா முடிஞ்சுது" என்றார். சரிபாதி என்று பேர். எங்கள் பக்கம் ஒரு தப்பு கூடுதலாகவே விழுந்திருந்தது.

அம்மா விடவில்லை. "இன்னா நியாயம் இது? கடிச்சது அவுங்க நாயி, கடி வாங்குனது எம்பொண்ணு. ரெண்டும் ஒண்ணா? சாரிய யாராண்ட சொல்லணும், நாயாண்டயா?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "இந்தப் பேச்சுதாம்மா பிரச்சினையே."

அப்பா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். சூப்பிரண்டெண்டுக்குச் சமமாக ஒரு நாற்காலி கிடைத்ததே அவருக்குப் பெரிய கௌரவமாகப் பட்டிருக்க வேண்டும். "உடு, பெரியவங்க சொல்றாங்கோ இல்ல. சொல்லிடு சித்ரா" என்றார். கட்டுப்போட்ட காலை ஊன்ற முடியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா சாரி சொன்னாள். சூப்பிரண்டெண்டும் சொன்னார், எழுந்துகொண்டே, அவளைப் பார்க்காமல். நியாயம் நடந்துவிட்ட திருப்தியில் தெரு கலைந்தது.

மறுநாளும் கேட் திறந்துதான் கிடந்தது. பிரித்துக் கொடுத்த குற்றத்தில் எங்கள் பாதியை நாங்கள் திருத்திக்கொண்டோம்: அம்மா கத்துவதை நிறுத்தினாள், அக்கா அந்த வழியாக நடப்பதை நிறுத்தினாள். ரயில் பாதையை ஒட்டிய மண் தடத்தில் சுற்றிப் போனவள், மழை பிடித்துச் சேறானதும் டியூஷனையே விட்டாள். அவர்கள் பாதி அப்படியே இருந்தது. நடுநிலை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு திட்டுவது சுலபம், திட்டுக்கு அடங்குகிறவர்கள் மட்டும் எப்போதும் ஒரே பக்கத்தில் இருப்பார்கள்.

அந்த மழைக்காலத்திலேயே ஜானி கீரைக்காரம்மாவின் கையைக் கவ்வியது. தலைவர் வழக்கம்போல நாற்காலியோடு வந்து, "உக்காரும்மா, ரெண்டு பக்கமும் பேசலாம்" என்றார்.

"நான் இன்னாத்துக்குக் குந்தணும்? பேசறதுக்கு இன்னா கீது? கேட்ட சாத்தச் சொல்லு மொதல்ல!"

அவர் என்ன சொன்னாலும் அவள் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள், நடுவில் அச்சில் ஏற்ற முடியாத சில வார்த்தைகளையும் சேர்த்து. கூடையில் கீரை வதங்கியது, அவள் நகரவில்லை. கடைசியில் சூப்பிரண்டெண்டே இறங்கி வந்து கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "என்ன பொம்பளை, நாகரிகமே இல்லாம" என்று தலைவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். தெருவும் அதையே சொன்னது. கேட் அதற்குப் பிறகு திறந்து கிடக்கவில்லை.

இப்போது அந்த மாடி வீடு இருந்த இடத்தில் அடுக்ககம் நிற்கிறது. தலைவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கீரை பாலித்தீன் பையில் வருகிறது. அம்மாவும் இல்லை. அப்பா என்னோடு வானகரத்தில் இருக்கிறார். போன மாதம் அக்கா வந்திருந்தபோது, அவர் என் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி, "ரெண்டு பக்கமும் தப்பு இருந்துச்சும்மா" என்று முடித்தார்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "நான் ஓடாம நின்னிருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க நைனா?"

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏன் நின்னேன்னு கேட்டிருப்பாங்கோ" என்றார்.

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவருக்கே உறைத்தது போலிருந்தது. ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.