ஏழு வயதுவரை எழுத்து வேண்டாம்

முடிச்சூருக்கு நாங்கள் குடிவந்த புதிதில் பக்கத்து மனைகளில் வீடு எதுவும் எழும்பவில்லை. மத்தியானம் முழுக்கப் புல் அசையும், அவ்வளவுதான். அந்த நிசப்தத்தில்தான் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. மகளைத் தூங்கவைத்துவிட்டு, குழந்தை வளர்ப்பு பற்றி அம்மாக்கள் எழுதிக்கொள்ளும் இணையக் குழு ஒன்றில் போய் உட்கார்ந்துவிடுவேன். பாதிக் கனவில் இருப்பது போல இருக்கும்.

அங்கே கல்விச் சிந்தனையாளர்களுக்கு நடிகர்களைப் போல மவுசு ஏறும், இறங்கும். மண்ணில் புரளவிடு என்றவர் சில மாதம் தெய்வம். பிறகு அவரை யாரும் சீந்தவில்லை. ஏழு வயதுவரை எழுத்தையே காட்டாதே என்றவர் வந்தார். நான் விழுந்தேவிட்டேன். ஐந்து வயதுக் குழந்தை எழுத்தறியாமல் மேகம் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு எவ்வளவு அழகு! மழலையர் பள்ளியை நிறுத்தினேன். சுவரில் இருந்த அ, ஆ படத்தைக் கழற்றினேன். "இவளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது" என்று அவள் எதிரிலேயே வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

"கேக்கிறவ கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுமாம்" என்றார் கணவர். "ஜூன்ல ஒண்ணாவது சேர்க்கணும், ஞாபகம் வச்சுக்கோ. ஸ்கூல்ல படிக்கச் சொல்லிப் பாப்பாங்க."

ஏப்ரலில் குழுவே திரும்பிவிட்டது. மூன்று வயதுக்குள் வாசிக்க வைக்காதவள் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவளாம். போன மாதம் என்னோடு சேர்ந்து மேகம் பார்த்தவர்களே எழுதினார்கள். ஜூனை நினைத்துப் பயந்துபோனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலில் போனோம். பெருங்களத்தூரில் வண்டி நின்றது. மஞ்சள் பலகையைக் காட்டி, "அது என்ன எழுத்து, பாரு" என்றேன். மகள் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். வண்டலூரிலும் அப்படியே.

"ஏன்டி கண்ண மூடிக்கிற?"

"பாத்தா படிச்சிடுவேன்மா."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எழுத்து தானா உள்ள வந்துடுது. ஆனா தெரியாதுன்னாத்தானே நீ சிரிக்கிற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை மாதமாக இப்படி மூடிக்கொண்டிருந்தாளோ, கேட்கவே வெட்கமாக இருந்தது. ஊரப்பாக்கத்தில் வண்டி நின்றதும், "படிம்மா, சத்தமா படி" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். பலகையைப் பார்க்கவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று முதலில் என் முகத்தைப் பார்த்தாள்.