கை நடுக்கம்

அவளுக்கு நிழல் என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் அவளோடு படித்தவர்கள். பெரியவர் என்று எல்லோரும் அழைத்த ஆய்வு நெறியாளரின் பின்னாலேயே சுற்றிய மாணவிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இன்று அவளே பேராசிரியை, அதே மண் ஆய்வகத்துக்குத் தலைவி. பெரியவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உள்ளே வருமுன் கதவுச் சட்டத்தைப் பேனாவால் தட்டுவது பெரியவரின் வழக்கம். சத்தம் கேட்டதும் ஆய்வகமே மூச்சை அடக்கிக்கொள்ளும். மண்ணில் நீர் இறங்கும் வேகத்துக்கு வரைபடத்தில் அவர் வரைந்த கோடுதான் அங்கே வேதவாக்கு. யாருடைய அளவீடாவது அதைவிட்டு விலகி விழுந்தால், "அது உன் கை நடுக்கம்" என்பார். அவ்வளவுதான், அந்தப் புள்ளியை அழித்துவிடுவார்கள். அவளும் அழித்திருக்கிறாள். மனிதர் கொடுமைக்காரர் இல்லை. அவள் காய்ச்சலில் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் காவல் இருந்தவர், அவள் வேலைக்காக நாலு பேரிடம் கெஞ்சியவர். அதனால்தான் எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை.

அவர் போன பிறகும் அந்தத் தட்டல் அவளுக்குக் கேட்டது. தங்கையிடம் சொன்னாள்.

"செத்தவருக்கும் நீ இப்படி பயந்தா அவர் எங்கக்கா போவாரு?" என்று தங்கை சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மதியம் அவள் ஆய்வக வாசலுக்கு வந்தபோது அதே சத்தம், காதருகிலேயே. உள்ளே அவளுடைய ஆய்வு மாணவன் பதறி எழுந்து கணினித் திரையைக் கையால் மறைத்தான். அவன் பார்த்தது அவளைத்தான். அவள் தன் கையைப் பார்த்தாள். அதிலிருந்த பேனா கதவுச் சட்டத்தின் மேல் இருந்தது.

"என்னப்பா மறைக்கற?"

"ஒண்ணுமில்ல மேடம். கை நடுக்கம். அழிச்சிடறேன்."

"கையை எடு."

கோட்டுக்கு வெகு கீழே வரிசையாகப் புள்ளிகள். எத்தனை முறை செய்தாலும் இப்படித்தான் வருகிறது என்றான். அப்படியானால் பெரியவரின் கோடு தவறு. அதை நம்பி அவள் வாங்கிய பட்டமும் ஆட்டம் கண்டது. ஆனால் அவளை உலுக்கியது அவன் முகம்தான். அது அவளுடைய பழைய முகம். இவனையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"அழிக்காத. வந்ததை அப்படியே எழுது. என் பட்டம் போனா போகுது."

எழுதினான். அவனுக்காக அவள் மல்லுக்கு நின்றாள். பழைய நண்பர்கள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். கட்டுரை வெளிவந்தது, அவனுக்குப் பேர் கிடைத்தது, அங்கேயே வேலையும் கிடைத்தது. அவள் பேனாவை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். சத்தம் நின்றது. நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வருடம், ஒரு காலை, அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு மறுபடியும் கேட்டது. பூட்டை நீக்கி இழுப்பறையைத் திறந்தாள். பேனா உள்ளேதான் கிடந்தது.

ஆய்வகத்துக்கு ஓடினாள். வாசலில், கையில் பேனாவோடு அவன் நின்றிருந்தான். புதிதாகச் சேர்ந்த மாணவி எழுந்து திரையை மறைத்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் தெரிந்தது: அவன் வரைந்த புதிய கோட்டைவிட்டு ஒரு புள்ளி விலகியிருந்தது.

"பதறாதம்மா," என்றான் அவன், அன்பாகத்தான். "அது உன் கை நடுக்கம்."